நகைச்சுவை என்னும் வேலை: மனோரமாவை மறுபடி பார்த்தல்

2015 அக்டோபர் 10 அன்று மனோரமா இறந்தபோது வெளிவந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை ஓர் எண்ணில் தொடங்கின. ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர், கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றவர், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர் என்றே எழுதினார்கள். அந்த ஐவர் அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ராமாராவ். இவை எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஆயிரம் படங்களில் அவர் என்ன செய்தார் என்ற கேள்வியை அஞ்சலிகளில் சிலர்தான் எழுப்பினார்கள். எண்ணைச் சொன்னதும் வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஓர் ஆண் நடிகரைப் பற்றி எழுதும்போது அவருடைய நடை, பார்வை, வசனம் பேசும் முறை என்று பக்கம் பக்கமாக ஆராய்கிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஒரு பெண்ணுக்கு எண்ணிக்கை போதும் என்று விட்டுவிட்டோம்.

இன்னொரு பாராட்டு 'பெண் சிவாஜி'. அன்போடு சொல்லப்பட்டது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு பெண்ணின் திறமையை அளக்க ஆண்தான் அளவுகோல் என்பது அந்தப் பட்டத்துக்குள் இருக்கிறது. நாகேஷை யாரும் 'ஆண் மனோரமா' என்று அழைத்ததில்லை. இந்தக் கட்டுரை அந்த அளவுகோலை ஒதுக்கிவைத்துவிட்டு, மனோரமாவின் நடிப்பை ஒரு வேலையாக, ஒரு பெண் தன் வாழ்நாள் முழுவதும் செய்த உழைப்பாகப் பார்க்க முயல்கிறது. அப்படிப் பார்த்தால் அதில் பெருமைப்படவும் மறுத்துப் பேசவும் நிறைய இருக்கிறது.

மன்னார்குடியில் 1937இல் பிறந்தவர். இயற்பெயர் கோபிசாந்தா. தந்தை கைவிட்ட பின், தாய் ராமாமிர்தம் குழந்தையோடு காரைக்குடிக்கு அருகே உள்ள பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலைகள் செய்து பிழைத்தார். சிறுமிக்குப் பள்ளி பாதியிலேயே நின்றது. பன்னிரண்டு வயதையொட்டி நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரே நாடகக்காரர்கள் வைத்ததுதான். புதுக்கோட்டை வைரம் நாடக சபாவிலும் பின்னர் எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்திலும் நடித்தார். கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' நாடகம் அவரைச் சென்னையில் பரவலாகத் தெரியவைத்தது. கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை' (1958) மூலம் திரைக்கு வந்தார், நகைச்சுவை வேடத்தில்.

இந்தப் பின்னணியை 'வறுமையிலிருந்து வளர்ந்த கதை' என்று உருகிவிட்டு விட்டுவிடக் கூடாது. இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, அவர் கலையார்வத்தால் வீட்டைத் துறந்து மேடைக்கு வந்தவர் அல்லர். தாயும் மகளும் சாப்பிட வேண்டும் என்பதால் வந்தவர். இரண்டு, அவர் வந்து சேர்ந்த மேடை, பெண்ணுக்குக் கூலியும் கொடுத்து, கூடவே அவமானமும் கொடுத்த மேடை. தென் தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பற்றி ஆராய்ந்த ஸூசன் சைசர், 'நல்ல பெண்' என்ற வரையறைக்கு வெளியே தள்ளப்பட்ட நடிகைகள், அந்த வரையறைக்குள் நிற்கத் தினமும் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். இரவில் ஊர் பார்க்க ஆடிய பெண், பகலில் யார் கண்ணிலும் படாமல் வீடு திரும்ப வேண்டியிருக்கிறது.

அந்த மேடையிலிருந்து திரைக்குப் போன பெண்களுக்கு மரியாதை எப்படிக் கிடைத்தது என்று பார்ப்போம். கே.பி.சுந்தராம்பாள் 'நந்தனார்' (1935) படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றவர். அன்று அது நம்ப முடியாத தொகை. ஆனால் கிட்டப்பா 1933இல் இறந்த பிறகு அவர் வெள்ளைப் புடவைக்கு மாறிவிட்டார். நந்தனாராக ஆண் வேடம் போட்டார். பிறகு ஔவையாராக, கவுந்தியடிகளாக வந்தார். ஆசையைக் கடந்தவளாகத் தன்னை ஆக்கிக்கொண்ட பிறகே அந்தப் பெருங்குரலுக்குச் சமூகம் கைகூப்பியது. நகைச்சுவையில் டி.ஏ.மதுரம் இருந்தார். அவருடைய வாயாடித்தனத்துக்குப் பக்கத்தில் எப்போதும் கலைவாணர் நின்றார். திரையில் ஜோடி, வாழ்க்கையிலும் கணவர். அதனால் அந்தப் பேச்சு எல்லை மீறியதாகத் தோன்றவில்லை.

கலைவாணர் 1957இல் மறைந்தார். அடுத்த ஆண்டு மனோரமா வந்தார். அவருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக யாரும் நிற்கவில்லை. வாழ்க்கையிலும் திருமணம் நிலைக்கவில்லை. மகனைத் தனியாகவே வளர்த்தார். திரையில் நாகேஷோடு நடித்தார், சோவோடு நடித்தார், தேங்காய் சீனிவாசனோடு நடித்தார். ஜோடிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவர் மட்டும் அங்கேயே இருந்தார். தமிழ்த் திரையின் நகைச்சுவை வரலாற்றை ஆண் நடிகர்களின் காலங்களாகப் பிரித்து எழுதுவது வழக்கம்: கலைவாணர் காலம், நாகேஷ் காலம், கவுண்டமணி காலம் என்று. இந்தப் பகுப்பில் மனோரமா ஒவ்வொரு காலத்துக்கும் துணை நடிகையாகிவிடுகிறார். அதே வரலாற்றை அவரிடமிருந்து தொடங்கி எழுதினால், ஒரே பெண்ணைச் சுற்றி ஆண்கள் வந்து போன வரலாறாக அது தெரியும்.

ஆண் நகைச்சுவை நடிகருக்குத் திறந்த கதவுகள் வேறு. நாகேஷ் 'சர்வர் சுந்தரம்' (1964), 'எதிர்நீச்சல்' (1968) படங்களில் கதையின் நாயகனாக நின்றார். மெலிந்த உடலும் அம்மைத் தழும்பு முகமும் அங்கே தடையாகவில்லை. அவையே அவர் மேல் இரக்கம் வரவைக்கும் அழகாகின. மனோரமாவும் 'கொஞ்சும் குமரி' (1963) படத்தில் கதாநாயகியாக நடித்திருக்கிறார். ஆனால் அந்தப் பாதை அதோடு ஏறக்குறைய முடிந்துபோனது. சிரிக்கவைத்த ஆணுக்குப் பார்வையாளர்கள் அழவும் தயாராக இருந்தார்கள். சிரிக்கவைத்த பெண்ணைக் காதலிக்கத் தயாராக இல்லை.

ஆனால் இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. அந்தக் காலக் கதாநாயகிக்கு என்ன கிடைத்தது? காதல், பாட்டு, கண்ணீர், கடைசியில் தாலி. பல படங்களில் அவளுக்குச் சொந்தக் குரல்கூட இல்லை. வேறொருவர் பின்னணி பேசினார். அவள் என்ன வேலை செய்கிறாள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை. கதாநாயகிக்கு மறுக்கப்பட்டவை எல்லாம் மனோரமாவுக்கு வந்தன. வீட்டு வேலை செய்பவள், நாடகக்காரி, வியாபாரம் செய்பவள், சேரியில் சண்டை போடுபவள், அலுவலகப் படியேறி மனு கொடுப்பவள் என்று அவருடைய பாத்திரங்கள் பெரும்பாலும் உழைத்துச் சாப்பிடும் பெண்கள். அவர்கள் சொந்தக் குரலில், சொந்த வட்டார வழக்கில் பேசினார்கள். சென்னைத் தமிழ், செட்டிநாட்டுத் தமிழ், கொங்குத் தமிழ், அக்ரகாரத் தமிழ் எல்லாம் அந்த ஒரு தொண்டையிலிருந்து வந்தன. 'பொம்மலாட்டம்' (1968) படத்தில் சோவை நோக்கி அவரே சென்னைத் தமிழில் பாடிய பாட்டு இன்றும் நினைவில் நிற்கிறது. நாயகி ஒரு சாதாரண வாக்கியத்தைக்கூட ஊர் தெரியாத பொதுத் தமிழில் பேசிக்கொண்டிருந்தபோது, இவர் பேட்டையின் பேச்சைப் பாட்டாகவே பாடினார். உழைக்கும் பெண்கள் எப்படிப் பேசினார்கள் என்பதற்குத் தமிழ்த் திரையில் சான்று தேடினால் நாம் போக வேண்டிய இடம் மனோரமாவின் படங்கள்.

அவருடைய ஆகச் சிறந்த வேடமாகப் பலரும் சொல்வது 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணி. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவலை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். இந்தப் படத்தைப் பெண்ணிய வாசிப்பில் எடுக்கும்போது பெரும்பாலும் மோகனாவைப் பற்றியே பேசுகிறோம். சதிர் ஆடும் குடும்பத்துப் பெண், பணக்காரர்களின் கண்ணிலிருந்து தப்பி, ஒரு நாதஸ்வரக் கலைஞனின் மனைவியாகி 'கௌரவம்' பெறும் கதை அது. அதே படத்தில் இன்னொரு மேடைப்பெண் இருக்கிறாள். ஜில் ஜில் ரமாமணிக்குக் கோயில் பாரம்பரியம் இல்லை, குரு பரம்பரை இல்லை. கொட்டகை போட்டு, டிக்கெட் விற்று, ஊர் ஊராக ஆடுகிறவள். அவளுடைய கலையைப் படம் கலையாகவே எண்ணவில்லை, வேடிக்கையாக வைத்திருக்கிறது.

மனோரமா அந்த வேடிக்கையை எப்படி எடுத்துக்கொண்டார் என்று கவனியுங்கள். சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டுவிட்டு, இந்த ஓசை அவருடைய நாயனத்திலிருந்து மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலிருந்தும் வருமா என்று அவள் கேட்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அரங்கம் சிரிக்கிறது. அறியாமையைச் சிரிப்பதாக நினைத்துக்கொண்டு சிரிக்கிறது. ஆனால் மனோரமா அதை முட்டாளின் கேள்வியாகப் பேசவில்லை. கண்களை அகல விரித்து, குரலைத் தாழ்த்தி, உண்மையாகவே வியந்து கேட்கிறார். ஒரு மேடைக் கலைஞர் இன்னொரு மேடைக் கலைஞரிடம் கேட்கும் கேள்வி அது: வித்தை கருவியிலா, ஆளிலா? சிவாஜி கணேசன் என்ற பெரும் நடிகர் எதிரே நிற்கிறார். அந்தக் காட்சியில் பார்ப்பவர்களின் கண் போவது மனோரமாவிடம். அதற்காக அவர் குரலை உயர்த்தவோ அவரோடு போட்டி போடவோ இல்லை. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து நிற்கும் நிலையிலும், பேச்சை இழுத்து நிறுத்தும் இடத்திலும் அதைச் செய்துவிடுகிறார். ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் டான்ஸ்காரியும் எதிரெதிரே நின்று வாய்க்கு வாய் பேசும் காட்சி உண்டு. அந்தப் பேச்சின் தாளம் பள்ளத்தூர்ப் பக்கத்து மேடைகளிலிருந்து நேராகத் திரைக்கு வந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

மோகனாவுக்குப் படம் கல்யாணத்தைக் கொடுக்கிறது. ஜில் ஜில்லுக்கு அப்படி எதுவும் இல்லை. அவளுக்கு அடுத்த ஊரில் அடுத்த ஆட்டம் இருக்கும். நாடகக்காரியாக வாழ்ந்த ஒருத்தி நாடகக்காரியை நடித்ததால்தான் அந்தப் பாத்திரத்தில் ஒரு சொட்டு இழிவும் ஒட்டவில்லை. எழுதியவர்கள் கேலியாக எழுதியிருக்கலாம். நடித்தவர் தன் தொழிலாளித் தோழிகளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

'சம்சாரம் அது மின்சாரம்' (1986) படத்தின் கண்ணம்மா இன்னொரு முக்கியமான பாத்திரம். வீட்டு வேலை செய்யும் பெண், சம்பந்தியாக வரும் கிஷ்முவை நேருக்கு நேர் நின்று சென்னைத் தமிழில் விளாசும் காட்சி, தொலைக்காட்சியில் எத்தனை முறை போட்டாலும் பார்க்கப்படுகிறது. வானகரம், மதுரவாயல் பக்கத்து அடுக்ககங்களின் வாசலில் காலை நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போகும் பெண்களை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்தால் அதன் கவர்ச்சி புரியும். அவர்கள் நினைத்தும் பேச முடியாத தொனியில் கண்ணம்மா பேசுகிறாள். தாய் பிறர் வீட்டில் வேலை செய்ததைப் பார்த்து வளர்ந்த நடிகைக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை.

ஆனால் நாம் அந்த இடத்திலேயே நின்றுவிடக் கூடாது. கண்ணம்மாவின் கோபம் யாருக்காக? முதலாளி குடும்பத்தின் உறவுச் சிக்கலைத் தீர்ப்பதற்காக. அந்தக் காட்சியில் அவளுடைய சம்பளம் பற்றியோ, அவளுடைய முதுகுவலி பற்றியோ ஒரு சொல் இல்லை. வேலைக்காரி வாய் திறக்கலாம். குடும்பத்தின் நன்மைக்காகத் திறந்தால் கைதட்டல்கூடக் கிடைக்கும். மனோரமாவுக்குத் தமிழ்த் திரை கொடுத்த சுதந்திரத்தின் நீளம் அவ்வளவுதான். அந்த நீளத்துக்குள் அவர் காட்டிய ஆற்றலை வியக்கும்போதே, கயிற்றின் மறுமுனை யார் கையில் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது 'புதிய பாதை' (1989) படத்துக்காக. சேரிப் பெண்ணாக அவர் நடித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது, வன்புணர்வுக்கு ஆளான பெண் அதே ஆணைத் தேடிப்போய், அவனைத் திருத்தி, அவனோடு வாழும் கதை. பாதிக்கப்பட்டவள் மேல் குற்றவாளியைச் சீர்திருத்தும் பொறுப்பையும் ஏற்றிவைக்கும் கதை. நாம் நேசிக்கும் ஒரு நடிகையின் மிகப் பெரிய விருது, நாம் முழுதாக மறுக்க வேண்டிய ஒரு கதையிலிருந்து வந்திருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சொல்லப் பழக வேண்டும். நடிப்பைப் பாராட்டுவதால் கதையை மன்னித்ததாக ஆகாது. கதையை மறுப்பதால் அவருடைய உழைப்பு இல்லாமல் போகாது.

பெண்ணின் ஆசை விஷயத்திலும் இப்படித்தான். 'நடிகன்' (1990) படத்தில் சத்யராஜ் கிழவர் வேடம் போட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். அந்த வீட்டில் திருமணமாகாத, வயது கூடிய பெண்ணாக மனோரமா. வேடம் போட்ட 'கிழவர்' மேல் அவளுக்கு ஆசை வருகிறது. அவள் வெட்கப்படுவதும் அலங்கரித்துக்கொள்வதும்தான் படத்தின் பெரிய சிரிப்பு. அதே காலத்தில் நாற்பது கடந்த ஆண்கள் இருபது வயதுப் பெண்களோடு பாடி ஆடிக்கொண்டிருந்தது யாருக்கும் சிரிப்பாகத் தோன்றவில்லை. ஆனாலும் மனோரமா அந்த வெட்கத்தை நடித்த விதத்தில் ஒரு கணம் சிரிப்பு தொண்டையில் நின்றுவிடும். அவளுடைய நம்பிக்கை உண்மையானது என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. கதை அவளை ஏமாற்றுகிறது, நடிகை ஏமாற்றவில்லை.

தொண்ணூறுகளில் அவர் தாயானார். 'சின்னத்தம்பி' (1991), 'சின்ன கவுண்டர்' (1992), 'ஜென்டில்மேன்' (1993) என்று கதாநாயகர்களின் அம்மாவாக வரிசையாக நடித்தார். 'சின்ன கவுண்டர்' படத்தில் பற்களை நீட்டிவைத்துக்கொண்டு முகத்தையே மாற்றிக்கொண்டது உழைப்புதான். ஆனால் அந்தத் தாய்களில் பலருக்கு மகனைத் தவிர வேறு வாழ்க்கை இல்லை. 'ஜென்டில்மேன்' தாய் மகனின் படிப்புக்காக உயிரையே விடுகிறாள். வாயாடியாக இருந்தவரை அவருடைய பாத்திரங்களுக்குத் தமக்கென்று ஒரு தேவை இருந்தது. அம்மாவானதும் அந்தத் தேவை கரைந்துபோனது. 'ஆச்சி' என்ற அழைப்பையும் இதோடு சேர்த்து யோசிக்கலாம். செட்டிநாட்டில் பெண்ணை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அவரும் விரும்பி ஏற்றுக்கொண்டார். ஆனால் அக்கா, அம்மா, ஆச்சி என்று ஓர் உறவுப் பெயர் வைத்த பிறகே நடிகைக்கு மரியாதை தருவது நம் வழக்கம். நடிகை என்ற சொல் மட்டும் போதுமான மரியாதையாக இன்னும் ஆகவில்லை.

இந்த மரியாதை எவ்வளவு மெல்லியது என்பது 1996இல் தெரிந்தது. சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்காகப் பிரச்சாரம் செய்த மனோரமா, மேடைகளில் ரஜினிகாந்தைக் கடுமையாக விமர்சித்தார். அதன் பிறகு அவருக்குப் படவாய்ப்புகள் குறைந்தன. ரஜினியே 'அருணாசலம்' (1997) படத்தில் அவரை நடிக்க அழைத்தார் என்பதை மனோரமா நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. நமக்கு வேண்டிய கேள்வி வேறு. நாற்பதாண்டு அனுபவமுள்ள ஒரு கலைஞரின் பிழைப்பு, ஒரு தேர்தல் பேச்சால் ஆட்டம் காணக்கூடியதாக இருந்தது ஏன்? அது திரும்பக் கிடைக்க ஓர் ஆணின் மன்னிப்புத் தேவைப்பட்டது ஏன்? அவர் சொன்ன அரசியலை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். திரையில் எதிர்த்துப் பேசியதற்குக் கைதட்டியவர்கள், மேடையில் தன் பெயரில் எதிர்த்துப் பேசியபோது விலகிக்கொண்டார்கள்.

மனோரமாவைப் புரட்சிப் பெண் என்று கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அவர் அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆணாதிக்கத் திரையின் கைதி என்று இரக்கப்படுவதும் சரியாகாது. கொடுத்த வசனத்தைப் பேசிப் பிழைக்க வேண்டியிருந்த ஒரு தொழிலாளி, அந்த வசனத்துக்குள் எங்கெல்லாம் இடம் கிடைத்ததோ அங்கெல்லாம் ஒரு முழு மனுஷியை நிறுத்திவிட்டுப் போனார். அந்த இடங்களை அடையாளம் காண்பதுதான் விமர்சனத்தின் வேலை.

மாணவிகள் இதை ஒரு பயிற்சியாகச் செய்து பார்க்கலாம். அவருடைய நகைச்சுவைக் காட்சி ஒன்றை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். அந்தப் பாத்திரம் என்ன வேலை செய்கிறாள், அந்தக் காட்சியில் அவளுக்கு என்ன வேண்டும், யார் சிரிப்பதற்காக அவள் தோற்கிறாள் என்று மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். பிறகு அவருக்குப் பின் வந்த கோவை சரளாவின் ஒரு காட்சிக்கும் அதையே செய்யுங்கள். பத்துக் காட்சிகளுக்கு இப்படி எழுதினால், ஆயிரம் என்ற எண் சொல்லாத பல செய்திகள் கையில் இருக்கும்.